மையவாடிக்குப் போகும் வழி

எங்கள் ஊர் மைதானத்துக்குப் பள்ளிவாசல் பக்கம் ஒரு பெரிய இரும்புக் கேட் இருக்கிறது. அதில் ஒரு பூட்டு தொங்குகிறது. முதலில் உப்பு ஆலை முதலாளியாக இருந்த அவர் போட்ட பூட்டு இருந்தது. மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தில் அவர் பதவி இழந்ததும் சங்கத்தின் புதிய ஆட்கள் அதை வெட்டி எறிந்துவிட்டுத் தங்கள் பூட்டைப் போட்டார்கள். உப்பு நீர்க் களப்பின் காற்றில் அது துருவேறிக் கிடக்கிறது. இனிச் சாவி கிடைத்தாலும் திறக்குமோ தெரியாது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ இறந்துபோன மௌத்து அறிவித்தல் கேட்கும்போதெல்லாம் என் உம்மா என்னிடம் ஒன்றைத்தான் கேட்பார்.

"எந்த வழியால கொண்டு போறாங்களாம்?"

"ரோட்டாலதான் உம்மா."

உம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வயது எண்பதை நெருங்குகிற ஒரு மனுசி அந்தக் கேள்வியைத் தனக்காகத்தான் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

எங்கள் குடியிருப்பு தில்லையடிக்கு அப்பால் களப்போரத்தில் இருக்கிறது. பள்ளி ஒரு பக்கம், அடக்கம் செய்யும் மையவாடி களப்புப் பக்கம். இரண்டுக்கும் நடுவே மைதானம். குறுக்கே நடந்தால் கொஞ்ச நேரத்தில் மையத்தைக் கிடத்திய சந்தூக்கை மையவாடியில் இறக்கிவிடலாம். மைதானத்தைச் சுற்றிப் போவதென்றால் பெரிய ரோட்டில் ஏறி, பெட்ரோல் செட்டையும் ஹாட்வெயார் கடைகளையும் தாண்டி, உப்பு ஆலையின் பின்பக்க ஒழுங்கையால் வளைந்து வரவேண்டும். ரோட்டில் சீமெந்து லொறிகளும் இறால் லொறிகளும் கல்பிட்டிக்குப் போகும் சுற்றுலா வான்களும் ஓயாமல் ஓடும். தோளில் மையத்தோடு அந்த நெரிசலுக்குள் நடப்பவர்களுக்குக் கலிமா வாயில் நிற்காது. கண் லொறியில் இருக்கும்.

முந்தி அப்படியில்லை. மைதானத்துக்கு வேலியே கிடையாது. நடுவில் ஒரு சீமெந்துத் தளம், அதன்மேல் ஆணி அடித்து விரித்த தென்னந்தும்புப் பாய். அதுதான் எங்கள் பிட்ச். பின்னேரம் நாங்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போது பள்ளிப் பக்கமிருந்து ஜனாஸா வரும். தூரத்தில் கண்டவன் கத்துவான்.

"மையத்து வருது, நில்லுங்கடா!"

பந்து வீச ஓடி வந்தவன் பாதியில் நிற்பான். துடுப்பைப் பாயில் கிடத்திவிட்டுக் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு எல்லாரும் ஓடுவோம். யாருடைய மையத்து என்று கேட்க மாட்டோம். ஆளுக்குக் கொஞ்ச தூரம் தோள் கொடுத்து மறுபக்க எல்லை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்தில் ஆட்டத்தைத் தொடங்குவோம். வெளியூர் அணிகள் வந்தாலும் இதுதான் முறை. சிலாபம் பக்கத்திலிருந்து வந்த கத்தோலிக்கப் பிள்ளைகளும் எங்களோடு தோள் கொடுத்திருக்கிறார்கள். ஜனாஸா போன பிறகு விழுகிற முதல் விக்கெட்டை நாங்கள் கொண்டாடுவதில்லை. யாரும் சொல்லித் தந்த சட்டம் அல்ல அது. அப்படித்தான் நடந்தது.

அப்போது எங்கள் அணிக்கு அவர்தான் தலைவர். நான் விக்கெட் காப்பாளன். அந்த நாளில் அவரை நான் 'அவர்' என்று நினைத்ததே இல்லை. எழுத உட்கார்ந்தால் கை அவர் என்றே எழுதுகிறது. அவருடைய ஆலையில் சம்பளம் வாங்கிப் பழகிய கை.

நல்ல பந்துவீச்சாளர் என்று சொல்ல முடியாது. ஆனால் பந்து அவருடைய வாப்பாவின் கடையிலிருந்து வந்தது. ஆகவே அவர் துடுப்பெடுத்தாடும்போது எல்.பி. அவுட் கொடுக்க எந்த நடுவருக்கும் மனம் வராது. கொடுத்தால் பந்து வீட்டுக்குப் போய்விடும்.

"மச்சான், நீ வாயத் தொறக்காம நிண்டு கேச்ச மட்டும் புடி. அப்பீலெல்லாம் நான் பாத்துக்கொள்றன்" என்பார் என்னிடம்.

எனக்கும் அது வசதியாக இருந்தது. நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் சத்தம் போட எனக்கு இன்றைக்கும் வராது.

பிறகு அவர் வளர்ந்தார். வாப்பாவின் சின்ன உப்பளத்தோடு பக்கத்து உப்பளங்களும் சேர்ந்தன. மூடையாகப் போன உப்பைச் சின்னப் பொலித்தீன் பக்கெட்டில் அடைத்து விற்க ஒரு ஆலை கட்டினார். பக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் ஓடி வருகிற படம். அந்தப் படத்துக்கு நின்றது அவர்தான், வயிற்றை மட்டும் படம் வரைந்தவன் குறைத்திருந்தான். முந்தலில் இறால் பண்ணைகள் வந்தன. ஐஸ் ஆலை வந்தது. எங்கள் ஊரில் அவருடைய சம்பளம் போகாத வீடு இல்லை என்றாகியது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய நானும் பக்கெட் ஒட்டும் இயந்திரத்தில் நின்றேன். மச்சான் என்று கூப்பிட்டவர்கள் முதலாளி என்றார்கள். ஹஜ்ஜுக்குப் போய் வந்ததும் ஹாஜியார். கிரிக்கெட் சங்கத்தில் தலைவரானதும் சேர்மன் சேர். எனக்கு எதுவும் வாயில் வரவில்லை. எதையும் சொல்லிக் கூப்பிடாமலே அவரோடு கதைக்கப் பழகிக்கொண்டேன்.

சங்கத்துக்குள் அவர் நுழைந்த விதத்தை நான் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். சங்கத்தில் பதிவு பெற்ற கழகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. எங்கள் பின்னேர விளையாட்டுக்கு ஒரு கழகப் பெயர் வைத்துப் பதிந்தார். என்னைச் செயலாளர் ஆக்கினார்.

"நான் எப்படி? எனக்குக் கதைக்க வராதே" என்றேன்.

"அதுக்குத்தானே மச்சான் ஒன்னப் போட்ட. கதைக்கிறவன் எனக்குத் தேவையில்ல. கை இருக்கிறவன்தான் தேவை."

தேர்தல் நாளில் ஒரு பஸ் வந்தது. அதற்குள் நான் கண்டிராத கழகங்களின் செயலாளர்கள் நிறைய இருந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் எலுவன்குளத்துக்காரர். நெல் விதைக்கிற மனிதர்.

"ஒங்கட ஊர்ல நல்லா விளையாடுவாங்களா?" என்று கேட்டேன்.

"யானை வந்தா நல்லா ஓடுவாங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது.

மண்டபத்துக்குப் போவதற்கு முன்னால் ஹோட்டலில் புரியாணி. அவர் கதிரை கதிரையாக வந்து எங்கள் முதுகில் தட்டினார். "பயப்பட ஒண்டுமில்ல. என்ட பேரச் செல்லக்குள்ள கையத் தூக்குங்க. மத்தவன்ட பேரச் செல்லக்குள்ள தண்ணி குடிங்க. கைக்கு ஒரு வேல இருந்தாத்தான் தடுமாறாது."

அப்படியே நடந்தது. மற்றவருடைய பெயர் வாசித்தபோது எங்கள் வரிசை முழுவதும் தண்ணீர் குடித்தது. அவருடைய பெயர் வந்தபோது எல்லாக் கையும் ஏறியது. எண்ணிக்கொண்டு வந்தவர் என்னிடம் நின்று, "ஐயா, அது கை தூக்கினதா, தலை சொறிஞ்சதா? நல்லாத் தூக்குங்க" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தூக்கினேன்.

தலைவரானவருக்கு ஒரு சொந்த மைதானம் தேவைப்பட்டது. புல் பிட்ச், பார்வையாளர் மண்டபம், சுற்றி வேலி. மாகாணப் போட்டிகளை அங்கே கொண்டுவந்தால் தலைநகரத்துப் பதவிக் கதிரைகள் கிட்டத்தில் வரும். எங்கள் மைதானம் பள்ளிக் காணி. பள்ளியின் சம்மதம் வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் வைத்தார்கள்.

என் வாப்பா அப்போது பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார்களில் ஒருவர். பள்ளிக் காரியங்களில் அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருந்தது. வாப்பா ஒன்றைத்தான் கேட்டார்.

"புல்லு போடுங்க, மண்டபம் கட்டுங்க, நல்ல விசயம். ஜனாஸா போற வழி என்னாகிற?"

அவர் எழுந்து வந்து வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மரைக்கார், என்ட வாப்பாவும் அந்த வழியாலதானே போன. பள்ளிப் பக்கம் ஒரு கேட், மையவாடிப் பக்கம் ஒரு கேட். ரெண்டுலயும் பூட்டே இருக்காது. என்ன மேட்ச் நடந்தாலும் ஜனாஸா வந்தா நிப்பாட்டுவம். இது என்ட வாக்கு."

பின்னால் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "அதையும் குத்தகைப் பத்திரத்தில ஒரு வரி எழுதிப் போட்டா நல்லம்" என்றார்.

சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் ஊரில் ஒரு பேச்சு முடிந்ததும் பாத்திஹா ஓதிக் கையை முகத்தில் தடவுவோம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எழுதிக் கேட்பதில்லை. கேட்டால் ஓதியதை நம்பவில்லை என்றாகிவிடும். காணி, கலியாணம், பாகப்பிரிவினை எல்லாம் அப்படித்தான் முடிந்தன.

"மாஸ்டர், பாத்திஹாவ விடவா ஒங்கட பேனை பெரிசு?" என்று யாரோ கேட்டார்கள். வாப்பாவே மௌலவியைப் பார்த்து, "ஓதுங்க" என்றார். ஓதினோம். எல்லாரும் கையை முகத்தில் தடவிக்கொண்டோம். ஆசிரியரும் தடவினார்.

பத்திரத்தில் குத்தகைக் காலம் இருந்தது, எல்லைகள் இருந்தன. கேட் இல்லை.

புல் வந்தது. லொறியில் களிமண் வந்தது. தும்புப் பாயை ஆணி பிடுங்கிச் சுருட்டி ஆலையின் பின்னால் போட்டார்கள். சீமெந்துத் தளத்தை உடைத்தார்கள். திறப்பு விழாவுக்கு ஊரே போனது. கழுத்தில் மாலையோடு அவர் ஒரு பந்து வீசினார். அமைச்சர் ஒருவர் அடித்தார். பந்து காலில்தான் பட்டது, யாரும் அப்பீல் கேட்கவில்லை.

அதன் பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதில் விளையாடவில்லை. புல் பழுதாகும் என்றார்கள். எங்கள் கழகத்தின் பெயர் மண்டபச் சுவரில் முதல் வரியில் இருந்தது. கழகத்தார் வேலிக்கு வெளியே களப்போரச் சேற்றில் விளையாடினார்கள். ஆனாலும் ஜனாஸாக்களுக்கு வழி இருந்தது. தொடக்கத்தில் சில மையத்துகள் அந்த வழியாலேயே போயின. பிறகு ஒருநாள் மழைக்குப் பின் போன ஜனாஸாவின் கால்தடங்கள் புல்லில் பதிந்துவிட்டனவாம். அடுத்த கிழமை இரண்டு கேட்டிலும் பூட்டு. சாவி காவல்காரரிடம் இருக்கும், சொன்னால் திறப்பார் என்றார்கள்.

வாப்பா மௌத்தான அன்று நான்தான் போய்ச் சொன்னேன்.

காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லை. அஸருக்கு அடக்கம் என்று முடிவானது. நான் நடுப்பகல் லுஹருக்குப் பிறகு கேட்டடிக்குப் போனேன். உள்ளே போட்டி நடந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள். தலைநகரிலிருந்து மைதானத்தின் தரத்தைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். காவல்காரர் ஆனமடுவப் பக்கத்துச் சிங்களவர், நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"தாத்தா, ஒங்கட வாப்பாவா மல்லி? அனே பவ். ஆனா சேர் செல்லாம தொறக்க பே, ஏலாது." அவரே தன் போனில் அழைத்து என்னிடம் நீட்டினார்.

"மச்சான்," என்றது அவருடைய குரல். பின்னால் கரண்டிச் சத்தம் கேட்டது. "இப்பதான் கேள்விப்பட்டேன். மரைக்கார் எனக்கும் வாப்பா மாதிரி. ஆனா இண்டைக்கு மட்டும் என்னக் கொல்லாத. தரம் குடுக்க வந்தவனுகள் முன்னால மேட்ச நிப்பாட்டினா, இது மைதானமா மையவாடியான்னு கேப்பானுகள். ரோட்டால கொண்டு போங்க. நான் ரெண்டு பக்கமும் லொறியப் போட்டு ரோட்ட மறிச்சுத் தாறன். ராசா மாதிரிக் கொண்டு போகலாம்."

நான் "வாப்பா கேட்டது..." என்று தொடங்கினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

சொன்னபடி லொறிகளை நிறுத்தினார். பந்துவீச்சாளர் படம் போட்ட உப்பு லொறிகள் ரோட்டின் இரு பக்கமும் குறுக்கே நிற்க, நடுவே வாப்பாவைக் கொண்டு போனோம். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. மறிபட்ட வாகனங்களில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் படம் எடுத்தாள். மைதானத்தின் வேலியோரம் வரும்போது உள்ளே ஒரு விக்கெட் விழுந்தது. கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் ஜனாஸாவுக்குக் கைதட்டல் கேட்டது அன்றைக்குத்தான்.

பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு அவர் பேரீச்சம்பழப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். "தரம் கெடைச்சுட்டு மச்சான்" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

உம்மா அன்றைக்கு என்னிடம் கேட்டார். "அவர எந்த வழியால கொண்டு போன?" சொன்னேன். "அப்ப என்னையும் ரோட்டாலதானா?" என்றார். வாப்பா போனதும் உம்மா தனித்து இத்தா இருந்த அறைக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல்தான் இத்தனை வருடமும் என்னோடு நடக்கிறது.

வேலியைப் பிடுங்குவோம் என்று இளைஞர்கள் சிலர் கதைத்தார்கள். அவர்களுடைய வாப்பாமார் ஆலையில் வேலை செய்தார்கள். கதை அத்தோடு நின்றது. பள்ளி நிர்வாகம் ஒரு தடவை அவரைப் போய்ப் பார்த்தது. பள்ளிக்குப் புதுத் தரைவிரிப்பு வந்தது. கேட் பூட்டியபடியே இருந்தது.

பிறகு சரிவு வந்தது. இறால் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் விழுந்தது. தொட்டி தொட்டியாக இறால் செத்து மிதந்தது, முந்தல் பக்கம் ரோட்டில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அதே வருடம் சங்கத்துக் கழகங்களைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பின்னால் டிவிக்காரர்களும் வந்தார்கள். ஒரு கழகத்தின் மைதானம் என்று பதிந்திருந்த இடத்தில் இறால் தொட்டி இருந்தது. எலுவன்குளத்துக் கழகத்தின் விலாசத்தைத் தேடிப் போனால் அது நெல்லுப் போரடிக்கிற களம். பஸ்ஸில் என்னோடு வந்த அந்த மனிதர் டிவியில் நின்று, "எங்கட ஆளுகள் எல்லாரும் சகலதுறை ஆட்டக்காரங்க. விதைப்பாங்க, வெட்டுவாங்க, காவலும் இருப்பாங்க" என்றார். நாடு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்து முடியும்போது வாயெல்லாம் கசந்தது. எங்கள் கழகம் மட்டும்தான் உண்மையான கழகம். அதற்கு மைதானம் இல்லை.

அடுத்த தேர்தலுக்கு முன்னால் நான் அவரைத் தேடிப் போனேன். என்ன சொல்வது என்று ஆலையிலிருந்து அவருடைய வீடு வரைக்கும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். போய் நின்றதும் பாதி மறந்துவிட்டது.

"அந்தக் கேட்..." என்றேன்.

"என்ன கேட்?"

"ஜனாஸாக் கேட். உம்மா கேக்குறா."

"அட, அதா? இந்த முறை வரட்டும் மச்சான். ஜெயிச்சா முதல் வேலை அதுதான். நீ மட்டும் கைய மாத்திராத."

மண்டபத்தில் அதே கதிரைகள். இந்தத் தடவை எதிரில் நின்றது சிலாபம் பக்கத்து ஹோட்டல் முதலாளி. எங்கள் வரிசை காலையிலேயே அந்த ஆளுடைய ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தது. எனக்கு அது தெரியாது. பதவியில் இருந்த அவருடைய பெயர் வாசிக்கப்பட்டது. எனக்கு இருபக்கமும் இருந்தவர்கள் போத்தலை எடுத்து மெதுவாகத் தண்ணீர் குடித்தார்கள். அவர் சொல்லிக் கொடுத்த அதே விதமாக, வரிசை முழுவதும் அண்ணாந்து குடித்தது. மேடையில் அவர் அந்தத் தொண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கும் இங்குமாக ஒரு சில கைகள் ஏறின. அதில் ஒன்று என்னுடையது. உம்மாவுக்காகத் தூக்கிய கை.

அதன் பிறகு எல்லாம் வேகமாகப் போனது. உப்பளங்கள் கைமாறின. ஐஸ் ஆலையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பக்கெட் இயந்திரத்தையும் ஒருநாள் லொறியில் ஏற்றினார்கள், நானே ஒரு பக்கம் தூக்கிவிட்டேன். இப்போது ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுக்கிறேன். மைதானத்துக்குப் புதிய நிர்வாகம் புதிய பூட்டைப் போட்டது. அது அவருடைய மைதானம் என்பதால் போட்டி எதையும் அங்கே வைக்கவில்லை. புல் காய்ந்து பற்றை வந்தது. வேலியில் ஒரு ஓட்டையால் ஆடுகள் புகுந்து மறுபக்கத்து ஓட்டையால் மையவாடிக்குப் போகின்றன. ஆடுகளுக்கு வழி இருக்கிறது.

போன வருடம் அவருடைய உம்மா மௌத்தானார். சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார் அவர். ஆணித் தராசுக்கு முன்னால் நின்று, "மச்சான், நீதானே இன்னும் கழகச் செயலாளர். அவனுகளுக்கு ஒரு போன் கோல் எடு. நான் எடுத்தா வெட்டுறானுகள். உம்மாவ மைதானத்தால கொண்டு போகணும்" என்றார்.

போனில் கதைப்பது எனக்கு நேரில் கதைப்பதைவிடக் கஷ்டம். எடுத்தேன். சங்கத்திலிருந்து ஒரு இளம் குரல்.

"மைதானம் மூடியிருக்கு ஐயா. கோரிக்கைய எழுத்தில அனுப்புங்க. அடுத்த கூட்டத்தில எடுப்பம்."

"ஜனாஸா அஸருக்கு."

"கூட்டம் அடுத்த மாசம் ஐயா."

"மையத்து அது வரைக்கும் காத்திருக்காதே தம்பி" என்றேன். எங்கிருந்து எனக்கு அந்த வார்த்தை வந்தது என்று தெரியாது. மறுபக்கம், "நான் என்ன செய்ய ஐயா, சாவி தலைவர்ட்ட" என்றது.

ரோட்டால்தான் கொண்டு போனோம். மறிப்பதற்கு லொறி இல்லை. ஒரு சீமெந்து லொறி பின்னால் வந்து ஹோர்ன் அடித்தது. நாங்கள் ஓரத்து மண்ணில் இறங்கி நடந்தோம். முன்பக்கத் தோள் அவருடையது. அவருக்குப் பின்னால் நான். அதே வேலியோரம், அதே வளைவு. கேட்டைத் தாண்டும்போது அவர் தலையைப் பாதி திருப்பிச் சொன்னார்.

"நான் இருந்திருந்தா இந்தக் கேட்டத் தொறந்து வெச்சிருப்பேன் மச்சான். உம்மாவ இப்பிடி ரோட்டால கொண்டு போக விட்டிருப்பேனா?"

கண் கலங்கித்தான் சொன்னார். நடிக்கவில்லை. நான் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தேன். என் வாப்பாவை அவர் எந்த வழியால் அனுப்பினார் என்பதன் ஒரு துளிகூட அந்த முகத்தில் இல்லை. மறைத்து வைத்திருந்தால் தெரிந்திருக்கும். அவருக்கு அது மறந்தே போயிருந்தது. சந்தூக்கின் கீழ் வேறு கதை கதைக்கக்கூடாது என்பது எங்கள் பழக்கம். தோளை மாற்றிக்கொண்டு நடந்தேன்.

அவருடைய உம்மாவுக்குக் கத்தம் ஓதி முடிந்த கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சங்கத்தில் மறுபடி தேர்தலாம். ஹோட்டல் முதலாளியோடு ஒரு சமாதானம் ஆகியிருக்கிறதாம்.

"அந்த மண்டபத்தில எனக்கெண்டு தூக்கின கையில ஒன்ட கையும் ஒண்டு மச்சான். அத நான் மறக்கல்ல" என்றார்.

எதை மறக்கிறார், எதை மறக்கவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, உள்ளே கட்டிலில் இருந்து உம்மா கேட்டார்.

"மகன், அந்தக் கேட்டத் தொறப்பியா?"

"இன்ஷா அல்லாஹ் உம்மா. முதல் வேலையே அதுதான். வாங்க, ஒரு பாத்திஹா ஓதுவம்" என்று அவர் அங்கேயே இரண்டு கையையும் ஏந்தினார்.

உம்மா கையை ஏந்தவில்லை. "எழுதித் தா" என்றார்.

"என்ன உம்மா?"

"கடதாசில எழுதித் தா. எனக்கு வாசிக்கத் தெரியா. இவன் வாசிப்பான்."

அவர் சிரித்தார். ஏந்திய கையை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டையைத் தடவிவிட்டார். "உம்மா இன்னும் பகிடிக்காரிதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் நின்று, பஸ் ஞாயிறு காலையில் சந்திக்கு வரும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் சந்தியில் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. எங்கள் வீட்டுக்குக் கேட்டது. நான் போகவில்லை. திரும்பவும் அடித்தது. பிறகு போய்விட்டது. என் இடத்தில் தேத்தண்ணிக் கடைக்காரரின் மருமகன் ஏறினாராம். இப்போது அந்த மருமகன்தான் கழகச் செயலாளர். துடுப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்தாலும் விளையாட இடமில்லை.

அவர் சங்கத்தின் துணைத் தலைவராகிவிட்டார். ஹோட்டல் முதலாளியும் அவரும் தோளில் கை போட்டு நிற்கிற படம் கடைகளில் ஒட்டியிருக்கிறது. கேட்டில் அதே பூட்டு.

போன கிழமை பள்ளியில் ஒரு மௌத்து அறிவித்தார்கள். நான் உம்மாவின் கட்டிலடிக்குப் போய் நின்றேன், வழக்கமான கேள்வி வரும் என்று. வரவில்லை. நானே சொன்னேன்.

"ரோட்டாலதான் உம்மா."

"தெரியும்," என்றார். "இனி அவன் தொறந்தாலும் எனக்கு வேணாம் மகன். வாப்பாவக் கொண்டு போன வழியாலேயே என்னையும் கொண்டு போங்க. வளைவில மட்டும் பாத்து நட, லொறி வரும்."

"ஓம் உம்மா" என்றேன்.